ஒரே ஒரு மாத்திரையா, ஆறு ராத்திரி உள்மாத்திரையா? பூஞ்சைத் தொற்றுக்கு எது யாருக்கு ஒத்துவரும்

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனில் மழை பிடித்தால் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாள் மழையைத் தடுக்கும், ஆனால் உள்ளே பாவாடை வேர்வையிலேயே ஊறிக் கிடக்கும். கேண்டிடா என்ற பூஞ்சை பல பெண்களின் பிறப்புறுப்பில் தொந்தரவில்லாமல் இருப்பதுதான். ஈரமும் புழுக்கமும் அது பெருகத் தோதாக அமைந்துவிடுகின்றன. அரிப்பு பொறுக்க முடியாமல் மெடிக்கலுக்குப் போனால் கிடைப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: விழுங்கும் ஃப்ளூகோனசோல் 150 மி.கி. ஒரு மாத்திரை, அல்லது பிறப்புறுப்புக்குள் வைக்கும் க்ளோட்ரிமசோல் 100 மி.கி. ஆறு மாத்திரை.

இரண்டில் எது என்று கேட்பதற்கு முன்னால், இது பூஞ்சைதானா என்று பார்த்துவிட வேண்டும். பூஞ்சையின் முதல் அடையாளம் அரிப்பு. வெள்ளைப்படுதல் கெட்டியாக, தயிர்த் திப்பி போல ஒட்டிக்கொண்டு வரும், நாற்றம் இருக்காது. சிறுநீர் போகும்போது எரியும், ஆனால் சிவந்துபோன வெளித்தோலில் சிறுநீர் படும்போதுதான் அந்த எரிச்சல். உள்ளே சுருக்கென்று குத்தி, அடிக்கடி போகத் தோன்றினால் அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். வெள்ளை தண்ணீராக, சாம்பல் நிறத்தில், மீன் கவிச்சையோடு வந்தால் அது பாக்டீரியாவின் வேலை. அதற்கு மெட்ரோனிடசோல் வேண்டும், பூஞ்சை மருந்து எத்தனை போட்டாலும் பயனில்லை. மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்து வந்தால் உடலுறவில் தொற்றும் டிரைக்கோமோனஸ் என்ற கிருமி என்று சந்தேகிக்க வேண்டும். அதற்குக் கணவருக்கும் சேர்த்து மருந்து தேவைப்படும். பூஞ்சைக்கு அப்படியில்லை. அவருக்கு அரிப்போ தடிப்போ இருந்தால் மட்டும் பார்த்தால் போதும்.

எல்லா வெள்ளைப்படுதலையும் 'உடம்புச் சூடு' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடும் வழக்கம்தான் நிறையப் பெண்களை மாதக்கணக்கில் அவதிப்பட வைக்கிறது.

பூஞ்சைதான் என்று உறுதியானால், குணமாக்கும் திறனில் இரண்டு மருந்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. நூறு பேரில் எண்பதிலிருந்து தொண்ணூறு பேருக்கு எதுவானாலும் சரியாகிவிடும். வித்தியாசமெல்லாம் பயன்படுத்துபவரின் நிலைமையில்தான் இருக்கிறது.

விழுங்கும் மாத்திரையின் பலம், ஒரு மடக்குத் தண்ணீரோடு வேலை முடிந்துவிடும் என்பது. தோட்டத்து லயன் வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிறார்கள், குளியலறை நான்கு வீட்டுக்குப் பொது. அங்கே ஆறு ராத்திரி தனிமை தேடுவது லேசான காரியமில்லை. இதை மருந்துச் சீட்டு எழுதுபவர்கள் பல நேரம் யோசிப்பதில்லை. ஆனால் விழுங்கியதும் அரிப்பு நின்றுவிடாது. குறைய ஆரம்பிக்கவே ஒரு நாள் ஆகும். கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது, நாள் தள்ளியிருந்தாலும் கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. சர்க்கரைக்குக் கிளிமெபிரைடு, கிளிபிசைடு போன்றவை சாப்பிடுபவர்களுக்கு இதனால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம்.

உள்மாத்திரை ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலப்பதால் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. கர்ப்பிணிக்கு இதுதான் வழி, அதுவும் ஏழு ராத்திரி, டாக்டர் சொன்ன பிறகு. படுக்கப்போகும் நேரத்தில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மாத்திரையை ஒரு நொடி தண்ணீரில் நனைத்து, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, விரல் போகும் ஆழத்துக்குத் தள்ளிவிட வேண்டும். கூட வரும் குழலைக் கர்ப்பிணிகள் விட்டுவிட்டு விரலையே பயன்படுத்தலாம். வைத்தபின் எழுந்து நடமாடினால் வழிந்துவிடும். காலையில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தூள் வந்தால் அது மருந்தின் மிச்சம்; நோய் கூடிவிட்டதென்று பயந்து நடுவில் நிறுத்துபவர்கள் உண்டு. மாதவிலக்கு நின்றவர்களுக்கு உள்ளே வறட்சி இருந்தால் மாத்திரை கரையாமல் துண்டாகவே வெளியே வரும். மாதவிலக்குக்கு முன்னால் ஆறும் முடிகிற மாதிரி தொடங்குங்கள். இந்த மருந்து ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். 500 மி.கி. ஒற்றை உள்மாத்திரையும் உண்டு. ஒரு ராத்திரிதான் தனிமை கிடைக்கும் என்பவர்களுக்கு அது நல்ல நடுவழி.

வெளியே அரிப்பு கடுமையாக இருந்தால், எதை எடுத்தாலும் கூடவே 1 சதவீத க்ளோட்ரிமசோல் களிம்பை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை மெல்லியதாகத் தடவலாம். இங்கேதான் கவனம் தேவை. பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த டியூப் பல கடைகளில் கேட்டதும் கிடைக்கும். தடவியதும் அரிப்பு அடங்குவதால் அதிசய மருந்து போலத் தோன்றும். தோல் மெலிந்து, பூஞ்சை உள்ளுக்குள் பரவி, நிறுத்தியதும் இரு மடங்காகத் திரும்பும். அட்டையைத் திருப்பி உட்பொருளைப் படியுங்கள். க்ளோட்ரிமசோல் தவிர வேறு பெயர் இருந்தால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

அரசு மருத்துவமனைகளில் பால்வினைத் தொற்றுகளைப் பார்க்கும் சுகவாழ்வு மையத்தில் வெள்ளைப்படுதலுக்குத் தரும் பச்சைப் பொட்டலத்தில் ஃப்ளூகோனசோல் 150 மி.கி.யோடு செக்னிடசோல் 2 கிராமும் இருக்கும். பூஞ்சையா பாக்டீரியாவா என்று பிரித்தறிய முடியாத இடத்தில் இரண்டையும் சேர்த்து அடிக்கும் முறை அது. இலவசம், நம்பி வாங்கலாம். கர்ப்பம் என்றால் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

உள்ளே தயிர் வைப்பது பலன் தரும் என்பதற்குப் போதிய சான்றில்லை. பூண்டு அந்த மெல்லிய தோலைச் சுட்டுவிடும். டெட்டாலும் வாசனைத் திரவமும் எரிச்சலைத்தான் கூட்டும். வெளியே மட்டும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

முதல் தடவை வந்தவர்கள், கர்ப்பிணிகள், காய்ச்சலோ அடிவயிற்று வலியோ புண்ணோ உள்ளவர்கள் கடைக்குப் போகாமல் நேரே டாக்டரிடம் போக வேண்டும். ஒரு வாரத்தில் அடங்காவிட்டாலும் அப்படியே. வருஷத்தில் மூன்று தடவைக்கு மேல் வந்தால் ரத்தச் சர்க்கரையைப் பார்க்காமல் விடக் கூடாது. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை போவதாலேயே இது அடிக்கடி வரும். மருந்தைத் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இருமலுக்குப் போட்ட ஆன்டிபயாடிக் முடியும் வாரத்தில் வருவதும் வழக்கம். திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு வெள்ளைப்படுதலில் மாதிரி எடுத்துப் பரிசோதித்து, வாரம் ஒரு ஃப்ளூகோனசோல் என்று ஆறு மாதம் தருவார்கள். கேண்டிடாவில் கிளப்ராட்டா என்ற வகையாக இருந்தால் இந்த மருந்துகளுக்குச் சரியாக மசியாது, வேறு வைத்தியம் பார்க்க வேண்டும்.

மழை மாதங்களில் தோட்டத்துக்குப் போகிறவர்கள் ஒரு பருத்தி உள்ளாடையைக் கவரில் சுற்றிப் பையில் எடுத்துப் போய், மத்தியானச் சோற்று நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம். காயாத துணியை இரவில் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்து ஈரம் போக்கி வைத்தால் காலையில் உலர்ந்ததையே உடுத்தலாம்.