அஜந்தா வாசலில் கேவன்சைட் வாங்கப் போகிறீர்களா?

அஜந்தா குகைகளைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினால் கல் விற்பவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். போன டிசம்பரில் நானும் அப்படித்தான் மாட்டினேன். வெள்ளை ஸ்டில்பைட் படிகங்களின் நடுவே சுண்டைக்காய் அளவில் ஒரு நீல உருண்டை. பார்த்ததும் கேவன்சைட் என்று தெரிந்துவிட்டது. பல வருடமாகப் படத்தில் மட்டும் பார்த்து ஏங்கிய கல். ஒன்பதாயிரம் சொன்னார், நாலாயிரத்து ஐந்நூறுக்கு முடித்தேன். பேரத்தில் ஜெயித்துவிட்டதாக வேறு நினைப்பு.

கோயம்புத்தூர் வந்ததும், தூசி போகட்டும் என்று இரவு கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப் போட்டேன். காலையில் உருண்டை தனியாக அடியில் கிடந்தது. அது இருந்த இடத்தில் பால் மாதிரி குழைந்த பசை, அதில் அப்பிய வெள்ளைக் கல்பொடி.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உருண்டை அசல் கேவன்சைட்தான். ஸ்டில்பைட்டும் அசல். மாப்பிள்ளையும் நிஜம், பெண்ணும் நிஜம், கல்யாணம்தான் பொய்!

இந்தக் கல் எப்படி வளர்கிறது என்பதை யோசித்திருந்தால் கடையிலேயே கண்டுபிடித்திருப்பேன். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி பசால்ட் பாறையாக இறுகியது. அஜந்தாவைக் குடைந்ததும் அந்தப் பாறையில்தான். குழம்பில் சிக்கிய வாயுக் குமிழிகள் பொந்துகளாக நின்றுவிட்டன. பிற்பாடு சூடான நீர் பாறையிலிருந்து கரைத்து வந்ததையெல்லாம் அந்தப் பொந்துச் சுவர்களில் படிகமாகப் படியவிட்டது. ஸ்டில்பைட், ஹியூலண்டைட், அபோஃபிலைட் எல்லாம் அப்படி வந்தவை. வனேடியம் என்ற உலோகமும் சேர்ந்த அபூர்வமான இடங்களில் கேவன்சைட். கால்சியம், வனேடியம், சிலிக்கான் மூன்றையும் கோத்து வைத்த பெயர் அது. முதலில் கண்டெடுத்தது அமெரிக்காவின் ஓரிகனில் என்றாலும், சேகரிப்பவர்கள் உயிரை விடுவது புனே பக்கத்து வாகோலியின் கல்குவாரிகளில் கிடைத்தவற்றுக்குத்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேவன்சைட்டின் ஊசிப் படிகங்கள் ஒட்டிய புள்ளியிலிருந்து விசிறி மாதிரி வெளிப்பக்கமாகக் கிளம்பும். அங்கேயே வளர்ந்த உருண்டை அடியிலுள்ள கல்லோடு இயல்பாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கும். என்னுடையதன் அடிப்பக்கம் உடைந்து மொண்ணையாக இருந்தது. அது உட்கார ஸ்டில்பைட்டில் சின்னக் குழி தோண்டி, இடைவெளியைக் கல்பொடியால் பூசியிருந்தார்கள். உருண்டையைச் சுற்றி அந்தப் பொடி வளையம் தெரிந்தால் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். புற ஊதா டார்ச் இருந்தால் கொண்டுபோங்கள். பல பசைகள் அதில் வெளிறி ஒளிரும். ஒளிரவில்லை என்பதற்காக மட்டும் நம்பிவிடாதீர்கள்.

அப்புறம், கண்ணைப் பறிக்கும் ரோஸ், ஊதா ஜியோடுகள், அதாவது உள்ளே படிகம் பதிந்த பொந்துக் கற்கள். பெரும்பாலும் சாயம். விரிசல்களில் நிறம் தேங்கி நிற்கும், பாருங்கள்.

விற்றவருக்கு ஃபோன் செய்தேன். “சார், கல்லைத் தண்ணீரில் யாராவது போடுவார்களா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

உருண்டை இப்போது ஒரு மருந்துப் புட்டியின் மூடிக்குள் இருக்கிறது. ஸ்டில்பைட்டை அலமாரியில் முன்வரிசையில் வைத்திருக்கிறேன், குழியோடு. அது பாவம், என்ன செய்தது.