கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி: எந்த மாடல், எதையெல்லாம் பார்த்து வாங்குவது

கேம்பாய் அட்வான்ஸ் கேம்களை எமுலேட்டரில் (வேறு கருவியில் அவற்றை ஓட வைக்கும் மென்பொருளில்) அல்லாமல் கார்ட்ரிட்ஜ், அதாவது கேம் பதிந்த சிறு பெட்டி, போட்டே விளையாட வேண்டும் என்றால், பழைய கருவிகளில் முதலில் தேட வேண்டியது எஸ்பி. கையில் வைத்து விளையாடும் இந்தக் கருவியை நின்டெண்டோ 2003-இல் வெளியிட்டது. மூடினால் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் சதுரம், எடை 143 கிராம், சட்டைப் பையில் அடங்கிவிடும். மடிக்கும் வடிவம் என்பதால் இருபது வருடம் கழித்தும் பல எஸ்பிகளின் திரையில் ஒரு கீறல்கூட இருக்காது. முந்தைய மாடலான சாதா கேம்பாய் அட்வான்ஸில் அப்படி ஒரு திரை கிடைப்பது அபூர்வம்.

ஆனால் எஸ்பி என்ற ஒரே பெயரில் இரண்டு விதத் திரைகள் விற்பனைக்கு வந்தன. வாங்குவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியதே அதுதான்.

முதலில் வந்தது ஏஜிஎஸ்-001. இதில் வெளிச்சம் திரையின் முன்பக்கத்திலிருந்து விழுகிறது. 2005-இல் வட அமெரிக்காவில் வந்த ஏஜிஎஸ்-101-இல் வெளிச்சம் திரைக்குப் பின்னாலிருந்து வருகிறது. இரண்டும் ஒரே 2.9 அங்குலம், ஒரே 240 × 160 புள்ளிகள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். 001-இல் கறுப்பு என்பது வெளுத்த சாம்பலாகத் தெரியும், வண்ணங்கள் மேலே மெல்லிய பாலாடை படிந்ததுபோல மங்கும். 101-இல் சிவப்பு சிவப்பாக இருக்கும், வேகமாக நகரும் உருவங்கள் இழுபடுவதும் குறைவு. 001-க்கும் ஒரு நல்ல குணம் உண்டு: விளக்கை முழுவதும் அணைத்துவிட்டு நல்ல பகல் வெளிச்சத்தில் விளையாடலாம், பேட்டரி ஏறக்குறைய 18 மணி நேரம் தாங்கும். விளக்கு எரிந்தால் 10 மணி நேரம். 101-இல் அதிக வெளிச்சத்தில் 7 மணி நேரம் எதிர்பார்க்கலாம்.

எது எது என்று கண்டுபிடிக்கப் பின்பக்க ஸ்டிக்கரை மட்டும் நம்பக் கூடாது. உறை மாற்றப்பட்ட எஸ்பிகள் சந்தையில் ஏராளம், 101 ஸ்டிக்கர் ஒட்டிய 001 சர்வசாதாரணம். கீலுக்குக் கீழே நடுவில் சூரியன் குறி போட்ட சின்ன பட்டன் ஒன்று இருக்கும். கருவியை ஆன் செய்துவிட்டு அதை அழுத்துங்கள். விளக்கு முழுவதும் அணைந்தால் அது 001. அணையாமல் வெளிச்சம் கூடிக் குறைந்தால் அது 101. விற்பவர் தூரத்தில் இருந்தால் இந்த ஒரு பட்டனை அழுத்தி வீடியோ அனுப்பச் சொல்லுங்கள், அதுவே போதும்.

திரையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் கேம்கள்தான். 2001-இல் வந்த முதல் கேம்பாய் அட்வான்ஸில் விளக்கே கிடையாது. அந்த வருடம் வந்த காசில்வேனியா: சர்க்கிள் ஆஃப் த மூன் இருட்டான கோட்டைக்குள் நடக்கும் கேம். விளக்கில்லாத திரையில் எதிரி எங்கே, படி எங்கே என்றே தெரியாது. அதே வரிசையில் அடுத்த வருடம் வந்த ஹார்மனி ஆஃப் டிசொனன்ஸில் வண்ணங்களை வேண்டுமென்றே தூக்கலாக வைத்தார்கள். அதையே 101-இல் போட்டால் கண்ணைக் குத்தும். 2003-இல் ஆரியா ஆஃப் சாரோ வந்தபோது எஸ்பியும் வந்துவிட்டது, அதில் வண்ணம் அளவாக இருக்கும். ஆரம்பகாலக் கேம்களை அதிகம் விளையாடுபவருக்கு 001 பெரிய இழப்பு இல்லை. மெட்ராய்ட்: ஜீரோ மிஷன், த மினிஷ் கேப் போன்ற 2004-ஐ ஒட்டிய கேம்களுக்கு 101-இன் அருமை நன்றாகத் தெரியும்.

கைக்கு எப்படி? திசை பட்டனும் ஏ, பி பட்டன்களும் அருமை. உள்ளே ரப்பர் என்பதால் அழுத்தம் மென்மையாக இருக்கும், சத்தமும் வராது. குறை தோள்பட்டை பட்டன்களில், அதாவது எல், ஆர் இரண்டிலும்தான். அவை சிறியவை, கீலை ஒட்டி இருப்பவை. பெரிய கை உள்ளவர் ஆள்காட்டி விரலைக் கொக்கிபோல் மடக்கித்தான் பிடிக்க முடியும். மெட்ராய்ட் ஃப்யூஷனில் ஏவுகணைக்கு ஆர் பட்டனை அழுத்தியே வைத்திருக்க வேண்டும், சாய்வாகக் குறிவைக்க எல், சுடுவதற்கு பி. ஒரு பெரிய எதிரியோடு பத்து நிமிடம் இப்படி மோதினால் விரல் மரத்துப்போகும். அட்வான்ஸ் வார்ஸ், ஃபயர் எம்பளம் மாதிரி நிதானமாக யோசித்து ஆடும் கேம்களில் இந்தப் பிரச்சினையே எழாது. எஸ்பி அவற்றுக்காகவே செய்ததுபோல் இருக்கும்.

நின்டெண்டோ செய்த பெரிய தவறு ஹெட்ஃபோன் துளையை எடுத்துவிட்டது. சார்ஜர் செருகும் துளையில் தனி அடாப்டர் மாட்டித்தான் ஹெட்ஃபோனில் கேட்க முடியும். இரண்டு துளை உள்ள அடாப்டர் கிடைக்காவிட்டால், சார்ஜ் ஏற்றிக்கொண்டே கேட்பது நடக்காது. கருவியில் இருப்பது ஒரே ஒரு ஸ்பீக்கர். நல்ல இசை உள்ள கேமை, கோல்டன் சன் போன்றதை, ஸ்டீரியோவில் கேட்க விரும்புபவர் அடாப்டரையும் சேர்த்தே தேட வேண்டும்.

பேட்டரியை மாற்றுவது மிக எளிது. பின்பக்கம் சாதாரணப் பிளஸ் ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றினால் மூடி வந்துவிடும். உள்ளே 3.7 வோல்ட், 600 எம்ஏஎச் லித்தியம் பேட்டரி. மூடி சற்றே எழும்பி நின்றாலோ, கருவியை மேசையில் வைத்தால் ஆடினாலோ பேட்டரி ஊதியிருக்கிறது என்று பொருள். அதைக் குத்தாமல் வளைக்காமல் எடுத்து, மின்கழிவுக்குக் கொடுத்துவிடுங்கள். அதே அளவுள்ள மாற்று பேட்டரியில் 600-ஐப்போல் இரண்டு மூன்று மடங்கு எண்ணைப் போட்டிருந்தால் நம்ப வேண்டாம், அந்த அளவு பெட்டிக்குள் அவ்வளவு அடங்காது. சார்ஜர் 5.2 வோல்ட். எஸ்பிக்குப் பின் வந்த முதல் நின்டெண்டோ டிஎஸ் கருவியின் சார்ஜரும் இதற்குப் பொருந்தும், அதன் அடுத்த மாடலான டிஎஸ் லைட்டின் சார்ஜர் பொருந்தாது. சார்ஜ் ஏறும்போது ஆரஞ்சு விளக்கு எரியும், நிறைந்ததும் அணையும். எரியவே இல்லை என்றால் முதலில் துளைக்குள் பின் வளைந்திருக்கிறதா, பேட்டரி தொடும் இடம் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் போர்டில் ஃப்யூஸ் போயிருக்க வாய்ப்புண்டு. வேறு வோல்டேஜ் சார்ஜர் மாட்டிப் பார்த்ததன் விளைவாக அது பெரும்பாலும் இருக்கும்.

வாங்கும்போது கையில் எடுத்துச் செய்ய வேண்டிய சோதனை இது. மூடியை மெதுவாகத் திறந்து மூடுங்கள், கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே. கீலில் பிளவு இருந்தால் ஓரத்தில் மயிரிழைபோல வெள்ளைக் கோடு தெரியும். திறக்கும் கோணம் மாறும்போது திரை மின்னினாலோ கோடு விழுந்தாலோ கீல் வழியாகப் போகும் பட்டை ஒயர் நைந்திருக்கிறது. அந்தக் கருவியை விட்டுவிடுங்கள்.

அடுத்து பவர் ஸ்விட்ச். நல்ல சார்ஜ் இருந்தும் பச்சை விளக்கு சிவப்பாக மாறினால், அல்லது ஸ்விட்சை லேசாகத் தொட்டாலே கேம் முதலிலிருந்து ஆரம்பித்தால், உள்ளே களிம்பு ஏறி மின்சாரம் சரியாகப் பாயவில்லை. இதைக் காரணம் காட்டி விலையைக் குறைக்கலாம், ஏனென்றால் சரிசெய்வது சுலபம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்விட்சின் இடுக்கில் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரொபைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, முப்பது நாற்பது முறை மேலும் கீழும் தள்ளுங்கள். அரை மணி நேரம் காய விட்டு பேட்டரியை மாட்டுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

கேம்பாய் எழுத்துகள் வந்தபின் கேம் தொடங்காமல் நின்றால் கார்ட்ரிட்ஜைத் துடைக்க வேண்டும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பின்களை அரிக்கும். காது துடைக்கும் பஞ்சுக்குச்சியில் அதே ஆல்கஹாலைத் தொட்டு, பின்களின் நீளவாக்கில் தேயுங்கள். பஞ்சில் கறுப்பு வருவது நிற்கும்வரை செய்யுங்கள். இதற்குப் பிறகும் அட்வான்ஸ் கேம்கள் ஓடாமல் பழைய கேம்பாய் கேம்கள் மட்டும் ஓடினால், குற்றம் கார்ட்ரிட்ஜில் இல்லை. பழைய கேம்கள் 5 வோல்ட்டிலும் அட்வான்ஸ் கேம்கள் 3.3 வோல்ட்டிலும் ஓடுபவை. எது செருகப்பட்டிருக்கிறது என்பதை, கார்ட்ரிட்ஜின் வடிவத்தைக்கொண்டு துளைக்குள் இருக்கும் ஒரு குட்டி ஸ்விட்ச்தான் கண்டுகொள்கிறது. அது சிக்கிக்கொண்டாலோ அழுக்கடைந்தாலோ இப்படி ஆகும். கருவியைத் திறக்க மூன்று முனை உள்ள ட்ரை-விங் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். சாதாரணத்தைத் திணித்தால் ஸ்க்ரூ தலை வழுக்கிவிடும்.

கருவியைவிட அதிகம் ஏமாற வாய்ப்புள்ள இடம் கார்ட்ரிட்ஜ். போக்கிமான் வரிசையில் டூப்ளிகேட் மலிந்து கிடக்கிறது. ஸ்டிக்கரின் பளபளப்பைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. கார்ட்ரிட்ஜைத் தலைகீழாகப் பிடித்து, பின்கள் இருக்கும் இடைவெளிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரிஜினலில் பின்களுக்குச் சற்று மேலே பச்சை போர்டில் நின்டெண்டோ என்ற பெயர் அச்சாகியிருக்கும். ஸ்டிக்கரைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு சிறு எண் அழுத்திப் பதிக்கப்பட்டிருப்பதும் தெரியும். மை எதுவும் இல்லாமல் வெறும் பள்ளமாக இருக்கும். ஸ்டிக்கரில் உள்ள குறியீடும் பொருந்த வேண்டும். அமெரிக்கப் பதிப்பில் ஃபயர்ரெட் என்றால் பிபிஆர்இ (BPRE), லீஃப்கிரீன் என்றால் பிபிஜிஇ (BPGE), எமரால்ட் என்றால் பிபிஇஇ (BPEE). ஒரு கேமின் அட்டையில் இன்னொரு கேமின் குறியீடு இருந்தால் பேச்சே வேண்டாம்.

டூப்ளிகேட் ஓடத்தான் செய்கிறது, என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்கள் உண்டு. சேவ், அதாவது அதுவரை விளையாடிச் சேமித்தது, கெட்டுவிடும். ஒரிஜினல் போக்கிமான் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ்கள் சேவ்-ஐ ஃப்ளாஷ் நினைவகத்தில் வைக்கின்றன, அதற்குப் பேட்டரி தேவையில்லை. ரூபி, சஃபையர், எமரால்டில் பேட்டரி இருப்பது கடிகாரத்துக்கு மட்டும். அது தீர்ந்தால் ஆரம்பத்தில் ஓர் எச்சரிக்கை வரும், கேமில் வரும் கனிமரங்கள் வளராது, ஆனால் சேவ் பத்திரமாக இருக்கும். ஃபயர்ரெட், லீஃப்கிரீனில் பேட்டரியே கிடையாது, உள்ளே பேட்டரியைக் கண்டால் அது போலி. மலிவு டூப்ளிகேட்டுகள் பல, பேட்டரியை நம்பிய நினைவகத்தில் சேவ்-ஐ வைக்கின்றன. பேட்டரி சோர்ந்ததும் நூறு மணி நேர உழைப்பு ஒரே இரவில் போய்விடும்.

ஒரிஜினலிலும் பேட்டரியை நம்பிச் சேவ் வைப்பவை உண்டு. கேம்பாய் கலர் காலத்து போக்கிமான் கோல்ட், சில்வர், கிறிஸ்டல் மூன்றும் அப்படித்தான், கடிகாரமும் அதே பேட்டரியைத் தின்பதால் சீக்கிரம் தீரும். இவற்றில் இருப்பது சிஆர்2025. மாற்றுவதற்கு, காலில் உலோகப் பட்டை பற்றவைத்து வரும் பேட்டரியை வாங்குங்கள். வெறும் பேட்டரி மேல் நேரடியாகச் சால்டரிங் வைத்தால் சூட்டில் வெடிக்கலாம். டேப் ஒட்டிச் சமாளிப்பது சில மாதம்கூட நிலைக்காது. பேட்டரியை எடுத்த நொடியே பழைய சேவ் போய்விடும் என்பதால், ஜிபிஎக்ஸ்கார்ட் ஆர்டபிள்யூ போன்ற கார்ட்ரிட்ஜ் ரீடரில் முதலில் சேவ்-ஐக் கம்ப்யூட்டருக்கு நகலெடுத்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

001 வாங்கி ஐபிஎஸ் எனப்படும் புதுவகைத் திரை போடலாமா? போடலாம். நல்ல கிட்களில் 240 × 160 சரியாக மூன்று மடங்காகி 720 × 480 ஆகும், ஒவ்வொரு புள்ளியும் கூர்மையாக நிற்கும். 101-ஐவிட வெளிச்சமும் அதிகம். பேட்டரி நேரம் குறையும், சில கிட்களுக்கு உறையின் உட்பக்கத்தைச் செதுக்க வேண்டும். எளிதில் கெடுவது பட்டை ஒயர். கீலுக்குள் அதைச் சுருட்டி நுழைக்கும்போது அவசரப்பட்டால் கிழிந்துவிடும். முதல்முறை செய்பவர், செதுக்கத் தேவையில்லாத உறையும் சேர்ந்து வரும் கிட்டை எடுக்கட்டும். இன்றைய எமுலேட்டர் கருவிகளில் 640 × 480 திரை உள்ளவற்றை வாங்குபவர் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 240-ஐ 640 ஆக்கினால் 2.67 மடங்கு, முழு எண் இல்லை. எழுத்துகள் சில இடத்தில் தடித்தும் சில இடத்தில் மெலிந்தும் தெரியும், இல்லாவிட்டால் மங்கும்.

அட்வான்ஸ் கேம்கள் மட்டும் போதும், கை பெரியது என்றால் டிஎஸ் லைட் எஸ்பியைவிட வசதி: திரை பளிச்சென்று இருக்கும், ஹெட்ஃபோன் துளையும் உண்டு. ஆனால் அதில் இரண்டு கருவிகளை இணைக்கும் லிங்க் கேபிள் மாட்ட முடியாது, எனவே நண்பரோடு அட்வான்ஸ் கேமில் மோதவோ போக்கிமான் மாற்றிக்கொள்ளவோ வழியில்லை. பழைய கேம்பாய் கார்ட்ரிட்ஜும் நுழையாது. கேம்பாய் அட்வான்ஸின் மிகச் சிறிய மாடலான கேம்பாய் மைக்ரோவிலும் பழைய கார்ட்ரிட்ஜ் ஓடாது.

எஸ்பியில் எல்லாம் ஓடும். லிங்க் கேபிள் வாங்கும்போது மட்டும் கவனம்: அட்வான்ஸ் கேபிளில் பழைய கேம்பாய் கேம்கள் இணையாது, அவற்றுக்குக் கேம்பாய் கலர் கேபிள்தான் வேண்டும். மரியோ கார்ட்: சூப்பர் சர்க்யூட் போன்றவற்றை ஒரே கார்ட்ரிட்ஜை வைத்தே நாலு கருவிகளில் ஆடலாம், சில வசதிகள் மட்டும் குறையும். பழைய கேமைப் போட்டதும் படம் சதுரமாக நடுவில் நிற்கும். எல், ஆர் பட்டன்களால் அகலமாக்கிக்கொள்ளலாம், ஆனால் உருவங்கள் சப்பையாகும், சதுரமாகவே விடுவது அழகு. எஸ்பியில் எல்லாம் ஓடும் என்றதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு: கேம்பாய் கலரின் கிர்பி டில்ட் அண்ட் டம்பிள். சாய்வை உணரும் சென்சார் அந்தக் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருக்கிறது. எஸ்பியில் கார்ட்ரிட்ஜ் தலைகீழாகச் செருகப்படுவதால் நீங்கள் இடதுபக்கம் சாய்த்தால் கிர்பி வலதுபக்கம் உருளும்.