உஷெத் தியேட்டர், பாரிஸ்: கண்டிப்பா ஒரு ராத்திரி ஒதுக்குங்க

லத்தீன் குவார்ட்டர்ங்கற பழைய மாணவர் ஏரியாவுல ஒடுக்கமான தெருவுல இருக்குற குட்டி தியேட்டர், நூறு சீட் கூட கிடையாது, ஆனா 1957லேர்ந்து நாடக ஆசிரியர் அயனெஸ்கோவோட 'வழுக்கைத்தலைப் பாடகி'யும் 'பாடம்' நாடகமும் இங்கதான் ஓடுது. 'வழுக்கைத்தலைப் பாடகி'ல கடிகாரம் 17 தடவ அடிக்கும், உடனே அந்த வீட்டம்மா "ஒம்பது மணி ஆச்சு"ன்னு சொல்லும், அங்கயே நான் விழுந்துட்டேன். அப்புறம் ஒரு ஜோடி, எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு பேச ஆரம்பிச்சு, ஒரே ஊரு, ஒரே வீடு, ஒரே கட்டிலுன்னு போய் கடைசில நாம புருஷன் பொண்டாட்டின்னு கண்டுபிடிக்கிறாங்க பாருங்க, சிரிச்சுட்டே இருந்தவன் அப்படியே அடங்கிட்டேன். சார்த்தர், காம்யு மாதிரி தத்துவ எழுத்தாளர்களோட நாடகத்துல வாழ்க்கைக்கு அர்த்தம் இல்லங்கறத ஆளுங்க தெளிவா வாதம் பண்ணுவாங்க, இங்க பேச்சே உடைஞ்சு தூளாகுது, ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கொஞ்ச வருஷத்துல எழுதி 1950ல மேடையேத்துனதுன்னு நெனச்சா அந்த வெறுமை இன்னும் ஒறைக்குது. இங்கிலீஷ் கத்துக்க அயனெஸ்கோ வாங்குன புத்தகத்துல இருந்த வாக்கியங்கள்லேர்ந்து பொறந்த நாடகம் இது. நடிப்பு அருமை, முகத்துல ஒரு சிரிப்பு கூட இல்லாம பேசுறாங்க. பிரெஞ்சு தெரியாதவங்க மொழிபெயர்ப்ப படிச்சுட்டு போங்க. முன் வரிசை கெடச்சா விடாதீங்க, நடிகர் மூச்சு விடுறது கூட கேக்கும்.