எஸ்7-1200 பிஎல்சி: முதல் நாள் அமைப்புகளும் நீண்ட காலப் பயன்பாடும்

பிளாஸ்டிக் பை வெட்டும் இயந்திரம் ஒன்றில் சீமென்ஸ் எஸ்7-1200 வரிசையைச் சேர்ந்த 1214சி பிஎல்சியை, அதாவது புரோகிராம்படி இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்திச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். 14 டிஜிட்டல் உள்ளீடுகள், 10 வெளியீடுகள், 2 அனலாக் உள்ளீடுகள் என நடுத்தர இயந்திரத்துக்கு இது தாராளம். ஆனால் பின்னாளில் இது நம்மை எவ்வளவு நிம்மதியாக வைத்திருக்கும் என்பது முதல் நாளில் செய்யும் அமைப்புகளைப் பொறுத்தது என்பதே என் உறுதியான கருத்து.

பொருத்துவது எளிது. பேனலுக்குள் இருக்கும் 35 மி.மீ. டின் ரயில் என்ற உலோகப் பட்டையில் மாட்டி, மேலும் கீழும் 25 மி.மீ. இடம் விட்டு, 24 வோல்ட் டிசி கொடுத்தால் போதும். புதிய கருவிக்கு ஐபி முகவரி இருக்காது என்பதால் டியா போர்ட்டல் என்ற சீமென்ஸ் புரோகிராமிங் மென்பொருளில் தேடும்போது, கருவிக்கே உரிய மேக் முகவரியோடுதான் தெரியும். புராஜெக்ட்டில் தேர்ந்தெடுத்த ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) பதிப்பு கருவியில் உள்ளதைவிடப் புதியதாக இருந்தால் புரோகிராம் இறங்காது. அதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

பலரும் கவனிக்காமல் விடுவது, மிகக் குறுகிய சிக்னல்களைத் தள்ளிவிடும் உள்ளீட்டு ஃபில்டரைத்தான். புதிய கருவியில் அது 6.4 மில்லி விநாடியாக இருக்கும். பட்டனுக்கும் லிமிட் சுவிட்சுக்கும் அது பொருத்தமானது. ஆனால் அந்த அளவில் விநாடிக்கு ஏறத்தாழ 78 துடிப்புகளுக்கு மேல் படிக்க முடியாது. பையின் நீளத்தை அளக்க ரோலரின் சுழற்சியைத் துடிப்புகளாக மாற்றும் என்கோடர் ஒரு சுற்றுக்கு 1000 துடிப்புகள் தருமானால், ரோலரைக் கையால் மெல்ல உருட்டும்போது எண்ணிக்கை சரியாகவே வரும். இயந்திரம் வேகமெடுத்ததும் துடிப்புகள் விடுபட்டு நீளம் தவறும். அதிவேகக் கவுண்ட்டரை இயக்குவதோடு நில்லாமல், அந்த உள்ளீடுகளின் ஃபில்டரை 3.2 மைக்ரோ விநாடிக்குக் குறைத்தாக வேண்டும்.

அடுத்தது, மின்சாரம் போய் வரும் நேரம். மின்தடைக்கு முன் பிஎல்சி ரன் நிலையில் (புரோகிராம் ஓடும் நிலை) இருந்தால் கரண்ட் வந்ததும் மீண்டும் ரன்னுக்கே போவது இதன் இயல்பான அமைப்பு. அது எனக்கு உடன்பாடே. ஆனால் மோட்டாரை ஓடவிட்டு வைத்திருக்கும் லாட்ச் பிட்டை மட்டும், மின்தடையிலும் மதிப்பு அழியாத ரிட்டென்டிவ் நினைவகத்தில் வைக்கவே கூடாது. வைத்தால், பிளேடுக்கு அருகில் ஒருவர் கை வைத்திருக்கும்போது இயந்திரம் தானாகக் கிளம்பிவிடும். பிஎல்சி ரன்னுக்குப் போகும்போது ஒருமுறை ஓடும் ஓபி100 பகுதியில் அந்த பிட்டை ரீசெட் செய்துவிடுவதை நான் வழக்கமாகவே வைத்திருக்கிறேன். அவசர நிறுத்தத்துக்குத் தனிப் பாதுகாப்பு ரிலே கட்டாயம் தேவை. சாதாரண பிஎல்சியின் புரோகிராமை அதற்கு நம்பக் கூடாது.

பை நீளம், சீல் வெப்பநிலை போன்றவற்றுக்கு மாறாக ரிட்டெய்ன் கொடுத்தே தீர வேண்டும். பின்னர் இவற்றைச் சேமிக்கும் டேட்டா பிளாக்கின் அமைப்பை மாற்றி, மதிப்புகளைப் புதிதாகத் தொடங்கும் ரீஇனிஷியலைஸ் முறையில் இறக்கினால், ஆப்பரேட்டர் பொறுமையாகச் சரிசெய்து வைத்த மதிப்புகள் புராஜெக்ட்டில் எழுதிய தொடக்க மதிப்பான ஸ்டார்ட் வேல்யூவுக்குத் திரும்பிவிடும். முதலில் கருவியில் அப்போதுள்ள மதிப்புகளை ஸ்னாப்ஷாட் எடுத்து, அதை ஸ்டார்ட் வேல்யூவாக நகலெடுத்த பிறகே இறக்க வேண்டும்.

ஃபர்ம்வேர் 4.5 முதல், கருவியின் ரகசியத் தகவல்களுக்குக் கடவுச்சொல் வைக்க முடிகிறது. அப்படி வைத்தால், பழுதான பிஎல்சிக்குப் பதில் ஸ்பேர் சிபியுவை மாற்றும்போதும் அதே கடவுச்சொல் தேவைப்படும். அதைப் பேனல் கதவில் ஒட்டாமல், புராஜெக்ட் பேக்கப்போடு சேர்த்து எழுத்து வடிவில் ஆலைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.