அக்ரஹார எடுக்கிற டொக்டர் ஆர்? ஒரு சலக்கல்லும் ஒரு குடலிறக்கமும்

அக்ரஹார என்பது இலங்கையில் அரச ஊழியருக்கும் பென்சன்காரருக்குமான மருத்துவக் காப்புறுதி. அதை எடுக்கிற டொக்டர் ஆர் என்ற கேள்வியை ஏ9 வீதியின் மேலும் கீழும் ஒன்றரை வருஷம் கேட்டுத் திரிந்தேன். வவுனியாவில் கேட்டேன், கிளிநொச்சியில் கேட்டேன், யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்டேன். "இஞ்சை எடுக்கினம்" என்பார் ஒருவர், "ஒருத்தரும் எடுக்கேல்லை" என்பார் மற்றவர். இரண்டு பேர் சொன்னதும் ஒரே மருத்துவமனையைப் பற்றி.

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். முத்தையன்கட்டுக் குளத்தில் கனகாலம் துருசு திறந்து பூட்டின ஆள். குளம் வான் பாய்கிற இரவுகளில் டோர்ச் அடித்து அளவுகோலைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதின பழக்கம் இன்னும் விடவில்லை; கணக்கு என்றால் கொஞ்சம் பிடிவாதம். பென்சனில் அக்ரஹார காப்புறுதிக்கென்று மாதாமாதம் வெட்டுகிறார்கள். வெட்டுகிற காசுக்கு என்ன கிடைக்கும் என்று அறிய வருத்தம் வரும்வரை காத்திருந்தது என் பிழை.

முதலில் வந்தது சலக்கல். வெளியூர் போன இடத்தில் நடுச்சாமம் விலாவில் குத்தியது. ஓட்டோக்காரத் தம்பி பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனையில் கொண்டுபோய் இறக்கினான். பெயரைச் சொல்ல மாட்டேன். ஏ9 ஓரம், வாசலில் மீன் தொட்டி. "அக்ரஹார எடுப்பியளோ?" என்று குனிந்தபடியே கேட்டேன். கவுண்டரில் இருந்த பிள்ளை, "ஓம் ஐயா, பிரச்சினை இல்லை" என்றாள். இரண்டு இரவு வாட்டில் மறித்தார்கள். வைத்தியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்கான் எடுத்தார்கள், சேலைன் ஏற்றினார்கள், கல்லும் தானாக இறங்கிவிட்டது. துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிற நேரம்தான் கதை. முழுக் காசையும் கையில் கட்டு என்றார்கள். "அக்ரஹார எடுப்பம் எண்டியளே பிள்ளை?" என்றேன். "அது நீங்கள்தான் ஐயா பிறகு எடுக்கோணும்."

கட்டினேன். கையில் தந்தது ஒரு சின்னத் துண்டு. 'சிகிச்சைக் கட்டணம்' என்று ஒரே வரி, கீழே மொத்தத் தொகை. அறைக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, டொக்டருக்கு எவ்வளவு, ஒன்றும் இல்லை. டயக்னோசிஸ் கார்டில் கையெழுத்து இருந்தது, முத்திரை இல்லை. அதை அப்படியே படிவத்தோடு இணைத்து அனுப்பினேன். விபரப் பில் இல்லை என்று திரும்பி வந்தது. பிறகு மூன்று தரம் பஸ் ஏறி அந்த மீன் தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். ஒருநாள் காசாளர் லீவு, ஒருநாள் கொம்பியூட்டர் வேலை செய்யவில்லை, மூன்றாம் நாள் "அந்த டொக்டர் இப்ப இஞ்சை வாறேல்லை" என்றார்கள். அந்தக் காசை மறந்துவிட்டேன். பஸ் காசை மறக்கவில்லை.

இதில் எனக்கு விளங்கினது ஒன்றுதான். கேள்வியே பிழை. நான் போன இடங்களில் அக்ரஹாரவை ஒரு டொக்டரும் 'எடுக்கவில்லை'. வெளிநாட்டில் இருக்கிற மகன், "கார்டைக் காட்டினால் சரிதானே அப்பா?" என்கிறான். அவன் இருக்கிற ஊரில் சரியாக இருக்கலாம். இங்கே நான் கண்டது, முதலில் கட்டு, பிறகு கேள் என்ற வழிதான். திட்டத்தை நடத்துவது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம்; அந்த நிதியம் 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. கொழும்பில் இருக்கிற அவர்களுக்கு என் விலாவில் குத்தினது தெரியாது. நான் அனுப்புகிற கடதாசிதான் தெரியும். ஆகவே கேட்க வேண்டியது டொக்டரைப் பற்றி அல்ல, பில்லைப் பற்றி.

இந்த வருஷம் குடலிறக்கம். துருசுச் சக்கரம் சுற்றின இடுப்புக்கு அது எப்போதோ வந்திருக்க வேண்டும். அரச ஆஸ்பத்திரியில் திகதி தந்தார்கள், ஒரு சதச் செலவில்லை. ஆனால் அந்தத் திகதி சிறுபோக விதைப்போடு முட்டியது. வலதுகரை வாய்க்காலில் எனக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கும் நடமாட வேணும். அதனால் காலபோக அறுவடை முடிந்த கையோடு தனியாரில் செய்வதென்று முடிவெடுத்தேன்.

இந்தமுறை கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் காட்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். ஆனையிறவு தாண்டி ஒரு மருத்துவமனை. மீன் தொட்டி இல்லை, பிளாஸ்ரிக் கதிரைகள்தான். கவுண்டரில் அக்ரஹார என்ற பேச்சையே எடுக்கவில்லை. தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் பேரவையில் பதிந்த இடமா என்று கேட்டேன். சுவரைக் காட்டினார்கள், சான்றிதழ் தொங்கியது. வருஷத்தையும் பார்த்தேன்; நடப்பு வருஷம்தான். விபரப் பில் தருவீர்களா, டொக்டர் தன் பதிவிலக்கத்தோடு முத்திரை குத்துவாரா, படிவத்தில் அவருடைய பகுதியைத் துண்டு வெட்ட முன்னமே நிரப்புவாரா என்று கேட்டேன். காசாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தா. "சேர் முந்தி கணக்குப் பார்க்கிற ஓடிற்றரோ?" என்றா. "இல்லை, குளத்து ஆள்" என்றேன்.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. சத்திரசிகிச்சை நிபுணர் பகலில் அரச ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர், பின்னேரம் இங்கே வருகிறார். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் அப்படித்தான்: அதே கை, வேறு கட்டில். ஒரு இரவு தங்கினேன். இடியப்பமும் சொதியும் தந்தார்கள், சொதியில் உப்பில்லை. பில் இரண்டு பக்கம். தியேட்டர், மயக்க மருந்து, இறக்கத்துக்கு வைத்த வலை, அறை, பஞ்சு வரைக்கும் தனித்தனி வரி. படிவத்தைப் பிரதேச செயலகத்து ஓய்வூதியப் பிரிவில் கொடுத்தேன். மூலப் பில்லை அவர்களுக்கு, போட்டோகொப்பி எனக்கு. இதை மாற்றிச் செய்து மூலத்தை வீட்டில் பத்திரப்படுத்தின ஒரு சிநேகிதர் இருக்கிறார்.

ஐந்துக்கு எத்தனை என்றால், மீன் தொட்டிக்கு ஒன்று, அதுவும் ஸ்கான் எடுத்த தம்பிக்காக. பிளாஸ்ரிக் கதிரைக்கு நாலரை. அரைப் புள்ளி சொதிக்குப் போய்விட்டது. பெயர்களை எழுதாததற்குக் காரணம், காசாளர் மாறினால் பில்லும் மாறும். என் பேச்சை நம்பிப் போய் நீங்கள் ஒற்றை வரித் துண்டோடு திரும்பக் கூடாது.

கட்டின காசு முழுவதும் திரும்பும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு உண்டு. மிச்சம் நம்முடைய பையில் இருந்துதான். பிரஷருக்கும் சீனிக்கும் மருந்து வேண்டுமென்றால் எனக்கு மாஞ்சோலை அரச ஆஸ்பத்திரி கிளினிக்தான். விடிய ஆறு மணிக்குப் போய் வரிசையில் இருந்தால் மாத மருந்து சும்மா கிடைக்கிறது. வரிசையில் பாதிப் பேர் பழைய உத்தியோகத்தர்கள், கதைக்கும் குறைவில்லை.

போன கிழமை அங்கேதான் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து இருந்தார். கண்ணில் புரை. "அண்ணை, அக்ரஹார எடுக்கிற கண் டொக்டர் ஆரும் தெரியுமோ?" என்று கேட்டார். பையில் இருந்த துண்டுக் கடதாசியை எடுத்து அவரிடம் கொடுத்தேன். எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். பிறகு என்னிடமே திருப்பித் தந்து, "நீங்கள் வாசியுங்கோ" என்றார்.