யார் நல்ல மேய்ப்பன்: பாரிஸா, பொலிஃபீமஸா?

பாரிஸ், கிரேக்கப் புராணத்தில் டிராய் நகர அரசன் பிரியாமின் மகன். நாட்டுக்குக் கேடு வரும் என்ற கெட்ட சகுனத்தால் குழந்தையிலேயே இடா மலையில் விடப்பட்டு, மேய்ப்பர் கையில் வளர்ந்தவன். ஆனால் மூன்று தேவியரில் யார் அழகி என்று தீர்ப்புச் சொன்ன பிறகு அவன் நினைப்பெல்லாம் அதற்குப் பரிசாக வாக்களிக்கப்பட்ட பேரழகி ஹெலன்தான். மந்தையை யார் கவனித்தார்களோ!

பொலிஃபீமஸ் ஒற்றைக்கண் அரக்கன். தன் குகையில் சிக்கிய கிரேக்க வீரன் ஒடிசியஸின் ஆட்கள் ஆறு பேரைத் தின்றவன். தொழிலில் மட்டும் படு சுத்தம். கிரேக்கக் கவிஞர் ஹோமர் காட்டும் அவன் குகையில் மூத்தது, நடுத்தரம், இளங்குட்டி என்று தனித்தனிப் பட்டி. மாலையில் வரிசையாகப் பால் கறந்து, ஒவ்வொரு தாயிடமும் அதன் குட்டியை விடுகிறான். பாதிப் பாலைத் திரித்துப் பின்னல் கூடைகளில் சேர்க்கிறான், மீதி, குடிக்க.

ஒடிசியஸ் அவன் கண்ணைக் குத்திக் குருடாக்கிய பிறகு, மந்தை வெளியே போகையில் பெரிய கடா கடைசியாக வருகிறது, தப்பிக்க அதன் வயிற்றடியில் ஒடிசியஸ் தொங்க. அது தெரியாமல் பொலிஃபீமஸ் கடாவின் முதுகைத் தடவியபடி, "எப்போதும் முதலில் போவாயே, எசமானின் கண்ணுக்காக வருந்துகிறாயா?" என்கிறான்.

ஆளைத் தின்பவன்தான், சரி. ஆனாலும் என் ஆடுகளை அவனிடம்தான் விடுவேன். குகைக்குள் மட்டும் போகமாட்டேன்.