மடிக்கிற ஆர்மோனியம் என்று சொல்லி 135,000 ரூபாவை மடித்துக்கொண்டு போனார்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெட்டி வந்து இன்றைக்குப் பதினோராம் நாள். நேற்றுப் பின்னேரத்தோடு விற்றவர் என் நம்பரையும் தடுத்துவிட்டார். போனது 135,000 ரூபா. அதில் 60,000 என்னுடைய காசுகூட இல்லை, எங்கள் பஜனைச் சபையின் காசு. மடிக்கிற ஆர்மோனியம் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. சட்டம் படித்த மருமகன் வேண்டாம் என்கிறான். இந்தியாவில் இருந்து பழைய இசைக்கருவிகளை இறக்கி, கொழும்பில் வைத்து, இணையத்தில் மட்டும் விற்கிற இடம் என்று தெரிந்தால் போதும். போய்ப் பார்க்க ஒரு படி, கதவு, பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. இப்போதுதான் அது உறைக்கிறது.

எங்களுக்கு ஏன் மடிக்கிற பெட்டி தேவைப்பட்டது என்று யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திருவெம்பாவைக்கு விடியப்புறம் எழும்பி, சங்கும் சேமக்கலமுமாய் ஒழுங்கை ஒழுங்கையாகப் போகிறவர்கள் நாங்கள். கோயில் வாசலிலும் சந்திகளிலும் இறக்கி வைத்துப் பாடுவோம். சபையின் பழைய ஆர்மோனியம் மடியாத பெட்டி. மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒருவர் அதைக் குழந்தையைப் போலக் கட்டிப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். போன வருஷம் கொக்குவில் பக்கம் மழைச்சேற்றில் சறுக்கி, பெட்டியைக் காப்பாற்றிய பொடியனுக்கு முழங்கை போய்விட்டது. அந்த முழங்கைக்காகத்தான் சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கக்கூடிய ஒன்று வாங்குவோம் என்று கூட்டத்தில் முடிவெடுத்தோம். தெரிவு செய்யும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். "உனக்குத்தானே பெட்டியைப் பற்றி எல்லாம் தெரியும்" என்றார்கள்.

தெரியும்தான். அதுதான் வெட்கம். சின்ன வயதில் பக்கத்துத் தேவாலயத்தில் காலால் மிதித்து வாசிக்கிற மடிப்பு ஓர்கன் ஒன்றைப் பார்த்த நாளில் இருந்து எனக்கு இந்தப் பைத்தியம். கால்களை மடக்கி, பக்கப் பலகைகளை உள்ளே சாய்த்து மூடினால் பெரிய பயணப் பெட்டி மாதிரி ஆகிவிடும். சிகாகோவில் பில்ஹோர்ன் என்ற சுவிசேஷப் பாடகர் 1880களில் அப்படியான ஓர்கன்களைச் செய்து விற்றார். அமெரிக்காவின் எஸ்டி கம்பனி இரண்டாம் உலகப் போரில் படையோடு போன பாதிரிமாருக்கு மடிப்பு ஓர்கன் செய்து கொடுத்தது. அவை காற்றை உள்ளே உறிஞ்சுகிற வகை. நம்முடைய கை ஆர்மோனியம் காற்றை வெளியே தள்ளுகிற வகை. பாரிஸில் 1840களில் டெபேன் காப்புரிமை எடுத்த கால்மிதி ஆர்மோனியம் கல்கத்தாவுக்கு வந்து, துவாரகாநாத் கோஷின் பட்டறையில் காலை இழந்து, கையால் துருத்தி போட்டுத் தரையில் இருந்து வாசிக்கிற பெட்டியானது. எல்லாவற்றிலும் சத்தம் வருவது ஒரே விதமாகத்தான். ஒரு முனையில் அறையப்பட்ட பித்தளை நாக்கு (இதைத்தான் ரீட் என்பார்கள்), அதைத் தாண்டி ஓடும் காற்று. அந்தக் காற்று வேறெங்கும் ஒழுகக்கூடாது. மடிக்கிற பெட்டி என்றால் எந்த இடம் மடிகிறதோ அந்த இடத்தில் தோலும் துணியும் வைத்துக் காற்றை அடைப்பதுதான் தொழில். பெட்டிக்கு நாம் கொடுக்கிற கூடுதல் காசு அந்த வேலைக்குத்தான். இவ்வளவும் தெரிந்தவன் 135,000 ரூபாவைக் கொடுத்து ஏமாந்தேன்.

விளம்பரத்தில் இருந்தது இது: மடிப்பு மாடல், மூன்றரை ஒக்டேவ், 42 கட்டை, இரண்டு வரிசை ஜெர்மன் ரீட், ஒன்பது ஸ்டொப் (காற்றைத் திறந்து மூட இழுக்கிற குமிழ்), தேக்கு மரம், உறையோடு. விலை 150,000. நான் செய்தி அனுப்பினேன். அன்றிரவே வீடியோ கோல் எடுத்தார்.

இந்தக் கோலைப் பற்றித்தான் இரவில் படுத்துக்கிடந்து யோசிக்கிறேன். ஆள் அவசரப்படவே இல்லை. எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும், "அட, நாங்களும் வடக்குத்தான் அண்ணை, அப்பா காங்கேசன்துறை" என்றார். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் நாடகங்களுக்கு அப்பா ஆர்மோனியம் வாசித்தவர் என்றார். அந்தப் பெயரைக் கேட்டால் எங்களுக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். விடிய விடிய மணலில் சாக்கு விரித்து, எங்கள் அம்மாவின் மடியில் தலைவைத்து மயான காண்டம் பார்த்த பிள்ளை நான். மேடையின் ஓரத்தில் இருந்து நடிகருக்கு முன்னால் ஓடி ஓடிச் சுருதி கொடுக்கும் அந்தப் பெட்டிச் சத்தம் இன்னும் காதில் கிடக்கிறது. அப்பாவின் பெயர் என்ன என்று நான் கேட்கவே இல்லை. அவரும் சொல்லவில்லை.

பிறகு மோகனத்தில் ஒரு சுற்று வாசித்துக் காட்டினார். நன்றாகவே வாசித்தார், அதை மறைக்க மாட்டேன். வாசித்து முடித்து, "இப்ப பாருங்கோ அண்ணை" என்று பெட்டியை அமத்தி மடித்து, மூடியைப் போட்டு, இரண்டு கொக்கியையும் மாட்டினார். டக், டக். கைப்பிடியில் பிடித்து ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார். அந்த டக் டக்கில் விழுந்தேன்.

இரண்டு விஷயம் அப்போதே கண்ணில் பட்டிருக்க வேண்டும். வாசித்த நேரம் முழுக்க அவருடைய இடது கை ஓயவில்லை. நல்ல பெட்டி என்றால் துருத்தியை இரண்டு தரம் தள்ளிவிட்டு ஒரு நீண்ட சுரத்தை நிம்மதியாகப் பிடிக்கலாம். அவர் விசிறி வீசுவது போல வீசிக்கொண்டே இருந்தார். உற்சாகம் என்று நினைத்தேன். இரண்டாவது, வாசித்தது மடிப்பதற்கு முன்னால். மடித்து, திரும்ப விரித்து, அதற்குப் பிறகு ஒரு சுரமாவது வாசித்துக் காட்டவில்லை. கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

"உங்களுக்கு எண்டபடியால் 135,000. கோயில் வேலை, லாபம் பார்க்கேல்லை. காசு ஆறுதலாப் போடுங்கோ." ஆறுதலாக என்று சொன்னவர் அடுத்த நாள் காலை ஏழரைக்கு, வேறொருவர் கேட்கிறார், மத்தியானத்துக்குள் போட்டால் நல்லது என்று செய்தி அனுப்பினார். பத்து மணிக்கு வங்கியில் நின்றேன். 135,000 ரூபா, ஒரே தரத்தில், ஒரு தனியாளின் கணக்குக்கு. கடையின் கணக்குக்கு இல்லை. அதையும் கவனித்தேன், கவனித்துக்கொண்டே போட்டேன். என்ன சொல்ல.

கொழும்பு இரவு பஸ்ஸில் பெட்டி வந்தது. விடிய பஸ் நிலையத்தில் மழைக்குள் நின்று வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, சுவாமி அறையில் வைத்து விரித்தேன். இடப்பக்கக் கொக்கி மாட்டவில்லை. கையால் அழுத்திப் பிடித்துத்தான் மாட்ட முடிந்தது. துருத்தியைத் தள்ளினேன். சத்தத்துக்கு முன்னால் காற்று வந்தது. உஸ்ஸ் என்று, பாம்பு மாதிரி, மடிப்புப் பக்கத்தால். சபையின் பழைய பெட்டியில் காற்றை நிரப்பிவிட்டு ஒரு கட்டையும் அழுத்தாமல் இருந்தால் நான் ஆறுதலாக இருபது வரை எண்ணுவேன். இதில் நாலு எண்ண முதல் துருத்தி படுத்துவிட்டது. ஊதுபத்தியைக் கொளுத்தி இணைப்பு ஓரமாகப் பிடித்தேன். புகை தெறித்து ஓடியது.

இணுவிலில் பெட்டி திருத்துகிற ஒரு வயதான ஐயா இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். மேல்தட்டைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தம்பி, இது மடிக்கிற பெட்டி இல்லை. ஆரோ மடிச்ச பெட்டி."

சாதாரண மடியாத ஆர்மோனியம் ஒன்றை எடுத்து, நடுவால் வாளால் அறுத்து, பிணைச்சல் போட்டு, மேலே வர்ணம் பூசி மடிப்பு மாடல் ஆக்கியிருக்கிறார்கள். அறுத்த வாய் நேராகக்கூட இல்லை. தோல் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பொஞ்சும் கோந்தும். ஒன்பது ஸ்டொப்பில் ஐந்து சும்மா அழகுக்கு, இழுத்தால் வெறும் குச்சிதான் வரும். இரண்டு வரிசை ரீட் என்றால் 84 இருக்க வேண்டும், இருந்தது 42. மற்ற வரிசையின் துவாரங்களுக்குத் தடித்த கடதாசி ஒட்டியிருந்தது. இருக்கிற 42உம் ஒரே பெட்டியில் பிறந்தவை இல்லை, நாலைந்து பெட்டிகளில் இருந்து பொறுக்கிப் போட்டவை. ஜெர்மனியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. "குஜராத்துப் பாலிதானா ரீட் போட்டிருந்தாக்கூட நான் நல்ல சாமான் எண்டு சொல்லியிருப்பன்" என்றார் ஐயா. சுருதி சேர்க்கிறோம் என்று அரத்தால் ராவிய விதத்தைக் காட்டினார். நுனியில் ராவினால் சுருதி ஏறும், அடியில் ராவினால் இறங்கும். ஒரே நாக்கில் இரண்டு பக்கமும் ராவி, திரும்ப ராவி, சில நாக்குகள் கடதாசி மாதிரி மெலிந்து கிடந்தன. மேல் ஸ்தாயி மத்திமத்தை அழுத்தினால் குளவி கத்துவது போல ஒரு சத்தம். பார்த்ததற்கு ஐயா காசு வாங்கவில்லை. திருத்தலாமா என்று கேட்டேன். தேத்தண்ணி குடியுங்கோ என்றார்.

இனித்தான் கடைக்காரரின் பதில்கள். முதல் நாள்: "மழைக்காலம் அண்ணை, மரம் ஊதியிருக்கும். ரெண்டு நாள் விடுங்கோ, செற் ஆகும்." மரம் ஊதும்தான், ஊதினால் கட்டை இறுகும். ஊதி ரீட் தொலையாது. மூன்றாம் நாள்: "பஸ்ஸிலை அடிபட்டிருக்கும், பஸ்காரரைக் கேளுங்கோ." ஐந்தாம் நாள், திருத்துகிறவர் இந்தியாவுக்குப் போய்விட்டார், வந்ததும் பார்ப்போம். ஆறாம் நாள் நான் படங்களை அனுப்பினேன், அறுத்த வாய், கடதாசி ஒட்டிய துவாரம் எல்லாம். அதற்கு வந்த பதிலைக் கேளுங்கள்: "ஆர்மோனியம் எண்டாலே சுருதி அப்பிடி இப்பிடித்தான் அண்ணை, இந்தியாவிலை ரேடியோவிலேயே தடை செய்தவங்கள்."

தடை செய்தார்கள்தான். அகில இந்திய வானொலி 1940இல் தடை போட்டது, 1971இல்தான் தளர்த்தியது. அது கமகம் என்கிற சுர அசைவு வராது, சுரங்கள் ஒரே இடத்தில் நிற்கும் என்று சங்கீதக்காரர் சண்டை பிடித்த விஷயம். வாளால் அறுத்த பெட்டியை 135,000 ரூபாவுக்கு விற்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இதையும் எழுதி அனுப்பினேன். வாசித்துவிட்டார் என்று நீல ரிக் விழுந்தது. பதில் இல்லை.

எட்டாம் நாள் ஒரு பெண் கதைத்தார். பழைய சாமான் திரும்ப எடுப்பதில்லை, ஆனாலும் "மனிதாபிமான அடிப்படையில்" 40,000க்கு எடுப்பார்களாம், அனுப்புகிற செலவு எங்களுடையதாம். 135,000 கொடுத்து வாங்கியதை 40,000க்கு! அவர்களுடைய பக்கத்தில் கருத்து எழுதினேன், ஒரு மணித்தியாலத்தில் அழித்துவிட்டார்கள். அந்தச் சமூக வலைத்தளத்துக்கு முறைப்பாடு அனுப்பினேன், தங்கள் விதிகளை அது மீறவில்லை என்று இயந்திரப் பதில் வந்தது. நேற்று என்னைத் தடுத்துவிட்டார்கள். இன்று காலை மருமகனின் போனில் இருந்து பார்த்தால், அதே படங்களோடு அதே விளம்பரம். பெட்டி எங்கள் சுவாமி அறையில் கிடக்கிறது, அங்கே "ஒன்று மட்டுமே உள்ளது" என்று போட்டிருக்கிறார்கள்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதுவதாகச் சொன்னேன். பொலிஸுக்குப் போக மருமகன் வாசலில் ஹோர்ன் அடிக்கிறான், சுருக்கமாகச் சொல்கிறேன். மடித்து, விரித்து, அதன் பிறகு வாசிக்கச் சொல்லுங்கள். காற்றை நிரப்பிவிட்டுக் கையை எடுக்கச் சொல்லி எண்ணுங்கள். மேல்தட்டைத் திறந்து ரீட்டைக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் போனை வையுங்கள். தனியாளின் கணக்குக்குக் காசு போடாதீர்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம், நான் நாளைக்கு அழைக்கிறேன்.

கொழும்பில் இருப்பவர்கள் விளம்பரப் படத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்: சிவப்புக் கம்பளம், அதன் வலது மூலையில் இஸ்திரி சுட்ட கறுப்பு அடையாளம், பெட்டியின் முன்பக்கம் பித்தளையில் இரண்டு மயில். வலது மயிலுக்கு ஒரு கால் இல்லை.